கடைசி ஐந்து நிமிடம்



"தோல்வியே வெற்றியின் முதற்படி" என்னும் தலைப்பில் நாம் எல்லோரும் கட்டுரை எழுதியிருக்கிறோம். ஏழாம் வகுப்பில் நானும் எழுதிப் பத்துக்கு எட்டு மதிப்பெண் பெற்றேன். ஆனால் அந்த முதற்படியில் நம் தோழி ஒருத்தி தலைகுனிந்து நிற்கும்போது, சுற்றி நிற்கும் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதை இவ்வாண்டுதான், அதுவும் ஒரு தவறு செய்த பின்னர்தான், தெரிந்துகொண்டேன்.

பள்ளி விழாவன்று நம் கூடைப்பந்து அணிக்கும் முன்னாள் மாணவியர் அணிக்கும் நடந்த ஆட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் அணியினர் மண்டலக் கோப்பையை வென்றவர்கள். எதிரே வந்து நின்ற அக்காமார்களில் ஒருவர் வங்கி அலுவலர். ஒருவர் இரண்டு குழந்தைகளின் தாய். இன்னொருவர் முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். "அக்கா, பாத்து ஓடுங்க!" என்று படிக்கட்டுகளில் அமர்ந்து கூவியவர்களில் நானும் ஒருத்தி. மூன்றாம் பகுதி முடிந்தபோது நாம் பன்னிரண்டு புள்ளிகள் முன்னே இருந்தோம். ஆட்டம் முடிந்தபோது மூன்று புள்ளிகள் பின்னே இருந்தோம்.

விசில் ஒலித்த மறுகணமே நாங்கள் எழுந்துவிட்டோம். யாரும் கைதட்டவில்லை. நம் அணியின் சிறந்த ஆட்டக்காரி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் என் வகுப்புத் தோழி. நான் அவளிடம் போய், "பந்தை நீயே வச்சுக்கிட்டதாலதான் தோத்தோம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அதன் பின் பத்து நாட்கள் அவள் பயிற்சிக்கு வரவில்லை.

இதை வீட்டில் சொன்னபோது, கல்லூரி அணியில் ஆடும் என் அண்ணன் என்னைத் திட்டவில்லை. "நீ ஒரு ஆட்டம் பார்க்கணும். ஆட்டத்தைவிட, அது முடிஞ்சதும் ஜனங்க என்ன செய்றாங்கன்னு பாரு" என்று சொல்லி, அமெரிக்காவில் முன்பு நடந்த சில ஆட்டங்களின் பதிவுகளைப் போட்டுக் காட்டினான். அவற்றில் நான் கண்டதையும், அவற்றைப் பற்றித் தேடிப் படித்ததையும் உங்களுக்கு விளக்கவே இக்கட்டுரை.

ஆட்டத்தின் கணக்கு

கூடைப்பந்து 1891-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியரால் உருவாக்கப்பட்டது. பீச் பழக் கூடைகளை உயரே மாட்டித் தொடங்கியதால் அதற்கு அப்பெயர் வந்தது. மறு ஆண்டே செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை அதை ஸ்மித் பெண்கள் கல்லூரியில் அறிமுகம் செய்தார். ஆகவே இது பெண்களுக்குப் பின்னாளில் தரப்பட்ட விளையாட்டு அன்று. ஏறக்குறையத் தொடக்கம் முதலே நம்முடையது.

அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.-யில் ஓர் ஆட்டம் பன்னிரண்டு நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடைபெறும். சமநிலையில் முடிந்தால் ஐந்து நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. வளையத்துக்கு அருகிலிருந்து போட்டால் இரண்டு புள்ளி, தொலைவிலுள்ள வளைகோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி. எதிரணியினர் முறைகேடாகத் தடுத்தால் பவுல். அப்போது யாரும் தடுக்காமல் பதினைந்து அடி தூரத்திலிருந்து எறியும் வாய்ப்புக் கிடைக்கும். அதுவே ஃப்ரீ த்ரோ. அதற்கு ஒரு புள்ளி. ஆறு பவுல் செய்தவர் வெளியேற வேண்டும்.

இவற்றோடு இன்னொரு விதியும் உண்டு. பந்தைக் கைப்பற்றிய அணி 24 வினாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். 1954-இல் கொண்டுவரப்பட்ட இவ்விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

ஒரு சிறு நகரமும் இளம் அணியும்

ஒக்லஹோமா சிட்டி அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள நகரம். 1995-ஆம் ஆண்டு ஏப்ரல் 19 அன்று அங்கே ஓர் அரசுக் கட்டடம் வெடிகுண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. 168 பேர் இறந்தனர். அவர்களுள் 19 பேர் குழந்தைகள். அந்த இடத்தில் இன்று நினைவகம் உள்ளது. நகரத்துக் கூடைப்பந்து அணியில் புதிதாகச் சேரும் வீரர்களை முதலில் அந்நினைவகத்துக்கு அழைத்துச் செல்வது அணியின் வழக்கமாயிற்று. நீங்கள் யாருக்காக ஆடுகிறீர்கள் என்று அறிந்துகொள்ளுங்கள் என்பதே அதன் பொருள் போலும்.

அந்த அணியின் பெயர் தண்டர், அதாவது இடி. 2008-ஆம் ஆண்டு சியாட்டில் நகரிலிருந்து அங்கே மாற்றப்பட்டது. (தங்கள் அணியை இழந்த சியாட்டில் ரசிகர்களின் துயரம் தனிக் கதை.) முதல் ஆண்டில் தண்டர் அணி தான் ஆடிய முதல் 32 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே வென்றது! ஆண்டு முடிவில் 82 ஆட்டங்களில் 23 வெற்றி. மறு ஆண்டு அது ஐம்பதாக உயர்ந்தது. காரணம், கல்லூரி வயதுடைய சில இளைஞர்கள். கெவின் டுரான்ட்டுக்கும் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கிற்கும் அப்போது வயது 21. ஜேம்ஸ் ஹார்டனுக்கும் செர்ஜ் இபாக்காவுக்கும் 20. அவ்வாண்டு மிகுதியான புள்ளி சராசரி பெற்ற வீரர் டுரான்ட். அத்தனை இளம் வயதில் அச்சிறப்பை அதற்கு முன் யாரும் பெற்றதில்லை.

2010: எழுந்து நின்றவர்கள்

2010 ஏப்ரலில் இவ்விளைஞர்கள் முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தனர். எதிரே வந்தது லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணி, முந்தைய ஆண்டின் சாம்பியன். 31 வயது கோபி பிரையன்ட், 35 வயது டெரெக் ஃபிஷர், ஸ்பெயின் நாட்டு வீரர் பாவ் கசோல், பயிற்சியாளராகப் பல பட்டங்கள் வென்ற பில் ஜாக்சன். ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்பவர் அடுத்த சுற்றுக்குச் செல்வர். ஒக்லஹோமா மக்கள் அரங்கில் ஒரே நிறச் சட்டை அணிந்து, தம் அணி முதல் புள்ளி எடுக்கும் வரை உட்காராமல் நின்று ஆரவாரித்தனர். தங்கள் ஊரில் நடந்த இரு ஆட்டங்களில் இளைஞர்கள் வென்றும் காட்டினர்.

ஆறாவது ஆட்டம் ஏப்ரல் 30 அன்று நடைபெற்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் தண்டர் 94, லேக்கர்ஸ் 93. பிரையன்ட் எறிந்த பந்து வளையத்துக்குள் விழவில்லை. அரங்கமே துள்ளியது. ஆனால் கசோல் பந்தையோ பிரையன்ட்டையோ வேடிக்கை பார்க்கவில்லை. பந்து எங்கே திரும்பி வரும் என்று கணித்து வளையத்தருகே இடம்பிடித்திருந்தார். பந்தை எடுத்தார், உள்ளே போட்டார். 95-94. மீதமிருந்தது அரை வினாடி. ஆட்டமும் முடிந்தது, தொடரும் முடிந்தது. அன்று டுரான்ட் 23 முறை எறிந்து ஐந்து முறைதான் கூடையில் போட்டிருந்தார்.

தோழியரே, இந்த இடத்தில்தான் அண்ணன் "இப்போ பாரு" என்றான். நான் எதிர்பார்த்தது, மக்கள் முணுமுணுத்துக்கொண்டு வாயிலை நோக்கிப் போவதையே. நாமும் அப்படித்தானே செய்தோம்! ஆனால் அவர்கள் எழுந்து நின்றனர். கை தட்டத் தொடங்கினர். தம் நகரத்தின் பெயரின் மூன்று எழுத்துகளை, "ஓ - கே - சி" என்று, வென்றவர்களைப் போல முழங்கினர். தோற்ற இளைஞர்கள் மைதானத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஐந்து முறை மட்டுமே போட்ட டுரான்ட்டும் அங்கே நின்றார். நான் குழாயடியை நினைத்துக்கொண்டேன்.

2011: பதினைந்து புள்ளிகள் கரைந்த கதை

கைதட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. மறு ஆண்டே அது தெரிந்தது.

2011 மே மாதம் தண்டர் அணி மேற்குப் பிரிவின் இறுதித் தொடரை எட்டியது. இம்முறை எதிரணி டல்லாஸ் மேவரிக்ஸ். ஜேசன் கிட்டுக்கு வயது 38. ஜேசன் டெர்ரிக்கும் ஷான் மேரியனுக்கும் 33. ஜெர்மனியிலிருந்து வந்த உயரமான டர்க் நோவிட்ஸ்கிக்கு 32. இளைஞர்களின் வேகத்தோடு ஒப்பிட்டால் நம் அக்காமார் போலத்தான் அவர்களும்.

முதல் ஆட்டத்தில் நோவிட்ஸ்கி 48 புள்ளிகள் எடுத்தார். அதில் வியப்பு, ஃப்ரீ த்ரோக்களே. 24 முறை எறிந்தார், 24-ம் கூடைக்குள். இதற்கு உயரமோ வேகமோ தேவையில்லை. ஒரே செயலை ஒரே விதமாக, யாரும் பார்க்காத நாட்களிலும், ஆயிரமாயிரம் முறை செய்திருந்தால் போதும். ஒழுங்கு என்று சிஸ்டர் காலைக் கூட்டத்தில் சொல்வது இதைத்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது.

இரண்டாவது ஆட்டத்தில் தண்டர் வென்றது, மூன்றாவதில் டல்லாஸ். நான்காவது ஆட்டம் மே 23 அன்று ஒக்லஹோமாவில். ஐந்து நிமிடங்களுக்குச் சற்று மிகுதியான நேரமே எஞ்சியிருந்தபோது தண்டர் 99, டல்லாஸ் 84. பதினைந்து புள்ளிகள் முன்னணி.

இப்போது அந்த 24 வினாடி விதியை எடுத்துக்கொள்வோம். ஐந்து நிமிடம் என்பது 300 வினாடி. இரு அணிகளும் ஒவ்வொரு முறையும் 24 வினாடியையும் பயன்படுத்தினால், பந்து ஏறக்குறையப் பன்னிரண்டு முறைதான் கைமாறும். அதாவது பின்தங்கிய அணிக்கு ஆறே வாய்ப்புகள். ஆறு வாய்ப்பில் பதினைந்து புள்ளிகளை ஈடுசெய்வது மிகக் கடினம். ஆகவே முன்னணியில் இருப்பவர்கள் வீர சாகசம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பந்தை இழக்காமல், பவுல் செய்யாமல், கைக்குக் கை மாற்றிப் பொறுமையாக நல்ல எறிதலுக்குக் காத்திருந்தாலே போதும். கடிகாரமே அவர்கள் அணியின் ஆறாவது ஆளாகிவிடும்.

இளைஞர்கள் அதைச் செய்யத் தவறினர். பந்து பல கை மாறவில்லை, ஒருவரிடமே நின்றது. மற்ற நால்வரும் பார்த்து நின்றனர். தொலைவிலிருந்து எறியப்பட்டவை வளையத்தில் பட்டுத் திரும்பின. ஹார்டன் ஆறாவது பவுலுடன் வெளியேறினார். அந்த ஐந்து நிமிடத்தில் தண்டர் எடுத்தவை இரண்டே புள்ளிகள். டல்லாஸ் எடுத்தவை பதினேழு. ஆறு வினாடிகள் மீதமிருக்கையில் நோவிட்ஸ்கிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அரங்கமே கத்தியது. அவர் இரண்டையும் போட்டார். 101-101. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் முப்பத்தெட்டு வயது கிட் ஒரு மூன்று புள்ளி எறிதலைப் போட, டல்லாஸ் 112-105 என்று வென்றது. டுரான்ட் 29 புள்ளிகளும் 15 ரீபவுண்டுகளும் எடுத்தார். ஆனால் ஒன்பது முறை பந்தை இழந்தார். இரண்டு நாள் கழித்து டல்லாஸில் ஐந்தாவது ஆட்டத்திலும் தோற்று, 4-1 என்று தண்டர் வெளியேறியது.

இது தற்செயல் என்று எண்ண வேண்டாம். அடுத்த மாதம் மயாமி அணியுடன் நடந்த இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்திலும், ஏழு நிமிடங்கள் இருக்கையில் பதினைந்து புள்ளிகள் பின்தங்கியிருந்த டல்லாஸ் 95-93 என்று வென்றது. ஜூன் 12 அன்று பட்டத்தையும் கைப்பற்றியது.

பழி போடும் பழக்கம்

ஒக்லஹோமா ரசிகர்கள் இம்முறை ஒரே குரலில் இல்லை. வெஸ்ட்புரூக் பந்தை டுரான்ட்டிடம் கொடுக்காமல் தாமே எறிகிறார் என்று ஒரு சாரார் குறை கூறினர். அவருடைய துணிச்சல் இல்லாமல் அணி இவ்வளவு தூரம் வந்தேயிராது என்றனர் மற்றொரு சாரார். பயிற்சியாளர் ஸ்காட் புரூக்ஸ் மீதும் குறை கூறப்பட்டது. தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் அவர் வெஸ்ட்புரூக்கைக் கடைசிப் பகுதியில் வெளியே அமர்த்தி, மாற்று ஆட்டக்காரரை ஆடவைத்து வென்றிருந்தார். ஆகவே அந்த வாதம் மேலும் வளர்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பதினைந்து புள்ளிகள் ஒருவர் கையிலிருந்து நழுவுவதில்லை. ஒருவர் பந்தை வைத்திருக்கிறார் என்றால், அதை வாங்க ஓடிவராத நால்வரும் அதே தவற்றைத்தான் செய்கின்றனர். ஒருவர் பவுல் செய்கிறார் என்றால், அவருக்கு முன்னால் நின்றவர் எதிரியைத் தப்பவிட்டிருக்கிறார். ஆனால் படிக்கட்டில் இருந்து பார்க்கும் நம் கண்ணுக்குப் பந்து வைத்திருப்பவர் மட்டுமே தெரிகிறார். நாமும் அவர் பெயரையே சொல்லிவிட்டுப் போகிறோம்.

அப்படியானால் தவற்றைச் சொல்லவே கூடாதா? சொல்லத்தான் வேண்டும். தவற்றை மறைத்துப் புகழ்வது அன்பு ஆகாது. ஆனால் எப்போது, யார், எப்படிச் சொல்வது? வள்ளுவர் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். கடைசி விசிலுக்கும் குழாயடிக்கும் இடைப்பட்ட இரண்டு நிமிடம் அதற்குரிய காலம் அன்று.

மூத்தவர்களின் அமைதி எங்கிருந்து வந்தது?

டல்லாஸ் வீரர்கள் பதற்றமின்றி ஆடியதைப் பார்த்தபோது, இவர்கள் பிறவியிலேயே இப்படிப்பட்டவர்களோ என்று எண்ணினேன். தேடிப் படித்தபோது வேறு உண்மை தெரிந்தது.

2006 இறுதித் தொடரில் நோவிட்ஸ்கியின் டல்லாஸ் அணி மயாமிக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டங்களை வென்றது. பின்பு தொடர்ந்து நான்கு ஆட்டங்களிலும் தோற்றுப் பட்டத்தை இழந்தது. மறு ஆண்டு 67 ஆட்டங்களில் வென்று முதலிடம் பெற்றது. நோவிட்ஸ்கி அவ்வாண்டின் மிகச் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்து அணியிடம் தோற்றது. எத்தனை கேலி கேட்டிருப்பார்! ஜேசன் கிட் 2002, 2003 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வேறோர் அணிக்காக ஆடி இறுதித் தொடரில் தோற்றவர். 1994-இல் ஆடத் தொடங்கிய அவருக்கு முதல் பட்டம் கிடைத்தது 2011-இல்தான்.

ஆகவே மூத்தவர்களின் ஒழுங்கு என்பது வயதினால் வந்த பரிசு அன்று. அது பழைய தோல்விகள் சேர்ந்து உறைந்த வடிவம். முன்பு ஒருமுறை கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்குத்தான் ஐந்து நிமிடம் எவ்வளவு நீளமானது என்று தெரியும். தோற்ற மறுநாளும் பயிற்சிக்கு வந்தவர்களே பிற்காலத்தில் அந்த மூத்தவர்கள் ஆகின்றனர். மறுநாள் வராதவர்கள் ஆவதில்லை. அந்த மறுநாள் அவர்கள் வருவதும் வராமல் போவதும் ஓரளவு நம் கையில், அதாவது பார்த்துக்கொண்டிருப்பவர் கையில், இருக்கிறது. நான் சொல்ல வந்தது இதுவே.

பின்னர் நடந்தவை

2012-இல் தண்டர் அணி மீண்டும் வந்தது. முதல் சுற்றில் எதிரே அதே டல்லாஸ். முதல் ஆட்டத்தில் கடைசி வினாடிகளில் டுரான்ட் போட்ட பந்தால் 99-98 என்று வென்று, தொடரை 4-0 எனக் கைப்பற்றினர். அடுத்து அதே லேக்கர்ஸ், 4-1. அதற்கடுத்து ஒழுங்குக்குப் பெயர்பெற்ற மூத்த அணியான சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். முதல் இரண்டில் தோற்றும், பின் நான்கையும் தொடர்ந்து வென்றனர். 1999 முதல் 2011 வரை ஒவ்வோர் ஆண்டும் மேற்குப் பிரிவை வென்றவை இந்த மூன்று அணிகள் மட்டுமே. அம்மூன்றையும் ஒரே ஆண்டில் இளைஞர்கள் வீழ்த்தினர்.

கதை இங்கே முடிந்தால் அழகாக இருக்கும். ஆனால் உண்மை அப்படி இல்லை. இறுதித் தொடரில் மயாமியிடம் 4-1 என்று தோற்றனர். ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் ஏராளமான ரசிகர்கள் காத்திருந்து வரவேற்றனர். எனினும் அந்த இளைஞர் கூட்டம் ஒன்றாக இருந்து பட்டம் வெல்லவே இல்லை. ஹார்டன் அவ்வாண்டே வேறு அணிக்கு மாற்றப்பட்டார். 2016-இல் டுரான்ட் தாமே வேறு அணிக்குச் சென்றார். 2017 பிப்ரவரியில் அவர் எதிரணி வீரராகத் திரும்பி வந்தபோது, ஒருகாலத்தில் எழுந்து நின்று கைதட்டிய அதே நகரத்தார் அவரைக் கேலிக் கூச்சலால் வரவேற்றனர். ரசிகர்களும் மனிதர்களே. தோல்வியை மன்னிக்கத் தெரிந்தவர்களுக்கும் பிரிவை மன்னிப்பது கடினமாகிவிடுகிறது.

ஒக்லஹோமா சிட்டிக்கு முதல் பட்டம் 2025 ஜூன் 22 அன்றுதான் கிடைத்தது. இண்டியானா அணியை ஏழாவது ஆட்டத்தில் 103-91 என்று வென்றது முற்றிலும் புதிய, மீண்டும் ஓர் இளம் அணி. 1977-க்குப் பின் பட்டம் வென்ற அணிகளுள் அதுவே மிக இளையது. அணி அந்நகருக்கு வந்து அதற்குள் பதினேழு ஆண்டுகள் ஓடிவிட்டன. 2010-இல் நின்று கைதட்டியவர்களின் குழந்தைகள் வளர்ந்திருப்பார்கள். ஆகவே கைதட்டலை வெற்றிக்குக் கொடுக்கும் முன்பணமாக எண்ணக்கூடாது. தட்டினால் நாளை வெல்வார்கள் என்பதற்காகத் தட்டுவதில்லை. நமக்காக ஓடியவர்கள் நம் முன்னே களைத்து நிற்கிறார்கள் என்பதற்காகவே தட்டுகிறோம்.

மீண்டும் நம் மைதானம்

பதிவுகளைப் பார்த்த மறுநாள் நான் என் தோழியைத் தேடிப் போனேன். நூலகத்தின் பின்புறப் படியில் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நீ சொன்னது தப்பில்லை. சொன்ன நேரம்தான் தப்பு. பந்தை நான்தான் வச்சிருந்தேன். எனக்குத் தெரியாதா?" என்றாள்.

எனக்குத் தெரியாத ஒன்றையும் அவள் சொன்னாள். ஆட்டம் முடிந்ததும், முழங்காலில் பட்டை கட்டியிருந்த அந்த அக்கா அவளிடம் வந்து, தாம் பத்தாம் வகுப்பில் படிக்கும்போது இதே மைதானத்தில் இதேபோல் ஓர் ஆட்டத்தைக் கைவிட்டதாகவும், அன்று வீட்டுக்குப் போய் ஷூவைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டதாகவும் கூறினாராம். "எடுத்துத் தந்தது எங்க அம்மா" என்றாராம். நாங்கள் கேலி செய்த அக்கா செய்த வேலையை, அவளுடைய வகுப்புத் தோழியரான நாங்கள் செய்யவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் பயிற்சிக்கு வந்தாள். நம் மைதானத்தில் 24 வினாடிக் கடிகாரம் இல்லை. ஆகவே பி.இ.டி. மிஸ் தம் ஸ்டாப் வாட்சை என்னிடம் கொடுத்துக் கோட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். பந்து கைமாறும்போதெல்லாம் நான் உரக்க எண்ணுகிறேன். பத்து எண்ணுவதற்குள் எறிந்துவிடாமல், ஐவரும் ஒருமுறையாவது பந்தைத் தொட வேண்டும் என்பது இப்போது அணியின் விதி. எனக்குப் பந்தாடத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். பார்வையாளர் வரிசையில் இருப்பவர்க்கும் ஆட்டத்தில் ஒரு வேலை உண்டு என்று இப்போது உணர்கிறேன்.

தோழியரே, பெற்றோரே, அடுத்த ஆண்டு விழாவிலும் அக்காமார் வருவார்கள். நாம் வெல்லலாம், தோற்கலாம். எப்படியாயினும், கடைசி விசில் ஒலித்ததும் செருப்பைத் தேடாமல் இரண்டு நிமிடம் நிற்போம். வென்றவர்களுக்காக ஒருமுறையும், தோற்றவர்களுக்காக ஒருமுறையும் கைதட்டுவோம். குறைகளைச் சொல்ல மறுநாள் இருக்கிறது. அந்த மறுநாள் அவர்கள் மைதானத்துக்கு வரவேண்டும், அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி